விளையை விற்று வாங்கும் டாக்டர் பட்டம் வேண்டாம்

குமரி மாவட்டம் திக்கணங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு, போன வாரம் என்னிடம் வந்திருந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், சொந்தமாக 70 சென்ட் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. கூடவே அம்மா, மகள், மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த சித்தப்பா. பேச்சில் முக்கால் பங்கு சித்தப்பாவுடையதுதான். பிள்ளை இரண்டாவது தடவை நீட் எழுதியும் அரசு சீட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடையாது. மேசைமேல், பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த வழுவழுப்பான நோட்டீஸ்.

"சாரே, விளையக் கொடுத்தா முக்காவாசி ஆயிரும். மீதிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சித்தப்பா.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி படிக்கணும்னு சின்னதுலயே சொல்லுவா. அதுக்கு மொதல்ல டாக்டராத்தானே ஆகணும்?"

பொதுவாக முதல் பத்து நிமிடம் ஆறுதலாகப் பேசி அனுப்புவது என் வழக்கம். அன்றைக்கு அது முடியவில்லை. விளையின் பத்திரமே ஒரு துணிப்பைக்குள் அவர்களோடு வந்திருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பையனிடம் "இன்னொரு தடவை எழுதிப் பாரு மக்ளே" என்று நான் சொல்லி, அவன் மூன்று வருடத்தை அறைக்குள்ளேயே தொலைத்தான். அது என் தப்பு. இன்னொரு குடும்பத்துக்கு அதைச் செய்ய மனமில்லை.

முதலில் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். கணக்கை முடித்துவிடுவோம். 2021-இல் வந்த விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, இங்கே திரும்பி வந்து தகுதித் தேர்வு, அப்புறம் இன்னொரு 12 மாதம் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வை எழுதுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தேறுவதில்லை. நோட்டீஸில் கடற்கரைப் படமும் மெஸ் சாப்பாட்டுப் படமும் இருந்தன. இந்த வரி இல்லை. பிள்ளைக்கே டாக்டர் ஆசை தீயாக இருந்தால் வேறு விதமாகப் பேசலாம். இங்கே ஆசைப்பட்டது சித்தப்பா.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பதில் பூத்திருக்கும்: நித்தியகல்யாணி. நம்மூரில் சிலர் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டில் வைக்கவே யோசிப்பார்கள். அந்தச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் உண்டு. 1950-களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்றுதான் அந்த இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் இறங்கின. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போன இருவரில் ராபர்ட் நோபிள் மருத்துவர், சார்ல்ஸ் பியர் வேதியியல்காரர். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மேசையில் இரண்டாவது நாற்காலி ஒன்றும் இருக்கிறது.

பரம்பரை நோய் ஆய்விலும் இதுதான் நிலை. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு மாற்றம், இதயம் பலவீனமாவதோடு தொடர்புள்ளது, தெற்காசிய மக்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஆய்வகங்களில் டி.என்.ஏ. பிரித்துக்கொண்டு நிற்பவர்களில் பலர் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வழியாக வந்தவர்கள்தான்.

இவ்வளவு நேரமும் பிள்ளை வாய் திறக்கவில்லை. நீட் கைடுகளுக்கு நடுவில் ஒரு பழைய கணக்கு நோட்டு துருத்திக்கொண்டிருந்தது. கேட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டுத் தந்தாள். விளையின் ஓரத்தில் நிற்கும் அயனி மரம், வாசலில் ஒரு கொன்றை, பக்கத்து வீட்டு மாமரம். மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேதி, தளிர் எவ்வளவு, மொட்டு எவ்வளவு, காய் எவ்வளவு என்று பென்சிலில் கோடு. இரண்டு வருடம். நீட்டுக்கு முந்தின ஞாயிறுகூட விட்டுப்போகவில்லை. கொன்றைப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "போன வருஷத்தைவிட 19 நாள் முந்தி."

இதற்குத் துறையில் பருவ நிகழ்வியல் என்று பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இதே வேலையை நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்கிறது என்று சொன்னேன். கண் விரிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல் பற்றியெல்லாம் நான் பேசவில்லை. அதைச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொன்னது பி.எஸ்சி. தாவரவியல். சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பழைய கல்லூரிகளில் தாவரவியலுக்குத்தான் கடைசிவரை இடம் கிடக்கும். யாருக்கும் வேண்டாத பாடம். ஆனால் அந்தப் பாடத்தைப் படிக்க இந்த மாவட்டத்தைப் போல ஒரு இடம் அமைவது அபூர்வம். இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைக்குக் கீழே முள்ளுக்காடு; மேல்கோதையாறு ஏறினால் அட்டை ஒட்டும் பசுமைமாறாக் காடு. சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. மணக்குடிக் காயலில் அலையாத்திக் காடு. திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம், டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்களின் பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். வாழையில் முடிக்கொத்து நோய் வந்து குலை தள்ளாமல் போவதை அவள் அப்பா பார்த்திருக்கிறார். அது அசுவுணிப் பூச்சி பரப்பும் வைரஸ். நோய், மரபணு, மண், பூச்சி எல்லாம் அந்த ஒரு வாழை மூட்டிலேயே இருக்கிறது.

களவேலை என்றால் என்ன என்று அப்பா கேட்டார். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி ஒரு சதுரம் பிடிப்பார்கள். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், நாடா சுற்றி அளந்து, எண் அடித்த அலுமினியத் தகடு கட்டுவார்கள். அடுத்த வருடம் அதே மரத்தை மறுபடி அளப்பார்கள். பூவோடு ஒரு கிளையை நறுக்கி, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, பலகைகளுக்கு இடையில் இறுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதுவார்கள். நூறு வருடம் கழித்தும் அந்தக் காய்ந்த இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடிவதுண்டு. பிள்ளை நோட்டில் செய்தது இதன் பாதி வேலை.

"பொம்பளப் பிள்ளைய காட்டுக்கு அனுப்பவா?" என்றார் அப்பா.

"நீங்க விடியுமுன்னே தலையில லைட்டக் கட்டிட்டு வெட்டுக்குப் போறீங்களே அண்ணாச்சி, அந்த வீட்டுப் பிள்ளைதானே?" என்றேன். சிரித்துவிட்டார்.

செலவில் நான் கறார். கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வகுப்பு எய்டடா (அரசு உதவி பெறுவது), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதி) என்பது. ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கும், கட்டணம் மட்டும் வேறு. எய்டட் என்றால் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடியும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி.க்கு வெளியே போகட்டும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் சூழலியல் இருக்கிறது. பிறகு ஆராய்ச்சிக்குப் போவதற்கான தேசியத் தேர்வு, சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதில் உயிர் அறிவியல் என்று ஒரே தாள்தான். மரபியலும் சூழலியலும் தாவர உடலியலும் அதற்குள்ளேயே அடக்கம். ஆகவே தாவரவியலில் தொடங்கியவள் நோய் மரபியலுக்குத் தாவ நினைத்தாலும் கதவு மூடிவிடாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், தவிர வீட்டு வாடகைப் படி. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது, பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. விடுமுறைக்குப் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

கசப்பையும் சொன்னேன். பிஎச்.டி. என்றால் ஐந்து வருடம் சாதாரணம். உதவித்தொகை சில மாதம் பிந்தி வரும். நிரந்தர வேலைகள் குறைவு. 28 வயதிலும் "பிள்ளை என்ன செய்யுது?" என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள், சொன்னாலும் புரியாது. நடுவில் போதும் என்று தோன்றினால் பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதலாம், வனத்துறைத் தேர்வுகளும் உண்டு. எந்தக் கட்டத்தில் நின்றாலும் விளை விளையாகவே இருக்கும்.

சித்தப்பா விடவில்லை. "டாக்டர்னு போர்டு வைக்க முடியாதே சாரே?"

"முடியும். பிஎச்.டி. முடிச்சா பேருக்கு முன்னால அதே எழுத்துதான். ஊசி போட மாட்டா, அவ்வளவுதான்."

மூன்றாவது நீட் வேண்டாம். விளையை விற்பதும் வேண்டாம். இந்த இரண்டிலும் நான் இறங்கி வரவில்லை. மற்றதைப் பிள்ளை சொல்லட்டும் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த அலுமினியத் தகடு, கல்லூரியிலயே தருவாங்களா சார்?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் துறைத் தலைவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், அந்தக் கணக்கு நோட்டு. பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள் அண்ணாச்சி.