எட்டுக் கம்பிகள்

ஐயா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் மாணவி. பள்ளியில் நெட்வொர்க்கிங் கிளப் தொடங்கப் போகிறோம். பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். லோகோவும் தயார். நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் நெட்வொர்க்கிங் தேர்வான சிசிஎன்ஏவுக்கு இப்போதே படிக்கலாமா? லேபில் எதையும் கழற்றக்கூடாது என்கிறார் தலைமையாசிரியர். எப்படித் தொடங்குவது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீ என்றே எழுதுகிறேன். என் மகளைவிடச் சின்னவள்.

போன வாரம் எங்கள் வீட்டு இன்டர்நெட்டைச் சரிசெய்ய ஒரு பையன் வந்தான். கேபிள் நுனியைச் சீவி, எட்டுக் கம்பிகளையும் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, கனெக்டருக்குள் செருகினான். காப்பி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

பெயர் எதையாவது வை. சிசிஎன்ஏவைக் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கேபிளைக்கூட வெட்டிப் பார்க்காத கிளப்புக்குப் பொருளாளர் எதற்கு? மூன்று பேருக்குப் பதவி, ஒன்பது பேருக்குக் கைதட்டும் வேலை. நம் ஊர்ச் சங்கங்கள் பல லெட்டர்பேடோடு நின்றுபோனது இப்படித்தான். கோபித்துக்கொள்ளாதே.

2002இல் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். முதலாளி மாடியிலும் நான்கு கம்ப்யூட்டர் போட்டார். நாற்பது மீட்டர் கேபிள் இழுத்தேன். மனப்பாடம் செய்த கலர் வரிசை மறந்துவிட்டது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் சரிதானே என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டேன். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மாடியில் எந்த இணையப் பக்கமும் திறக்காது. இணைப்பைச் சோதிக்கச் சின்னச் செய்தி அனுப்பிப் பார்ப்பதைப் பிங் என்போம்; நான்கு முறை பிங் கொடுத்தால் இரண்டுக்குத்தான் பதில் வரும். முதலாளி கார்டை மாற்றினார், ஸ்விட்சை மாற்றினார், கடைசியில் என்னை மாற்றப் போவதாகச் சொன்னார்.

டெலிபோன் லைன்மேனாக இருந்து ரிடையரான பெரியவர் ஒருவர் மெயில் பார்க்க வருவார். அவர்தான் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, அந்தக் காலத்து போனில் பக்கத்து லைன்காரன் பேச்சு கேட்குமே, அதுதான் இது.” ஒரு கம்பியின் பேச்சு இன்னொன்றில் ஏறாமலிருக்கத்தான் ஜோடியாக முறுக்குகிறார்கள். கிரகாம் பெல் 1881இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். எங்கள் நெட்வொர்க்கில் செய்தி ஒரு திசையில் போக கனெக்டரின் 1, 2ஆம் இடத்துக் கம்பிகள். மறு திசைக்கு 3, 6. அந்த மூன்றும் ஆறும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். என் வரிசையில் மூன்று பச்சையிலும் ஆறு நீலத்திலும் போய் உட்கார்ந்திருந்தன. கம்பி இரண்டு முனையையும் தொடுகிறதா என்பதுதான் அந்த டெஸ்டருக்குத் தெரியும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்பது தெரியாது. நீலத்தை நடுவில் வைத்து, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பச்சையைப் போடுவது இதனால்தான். அன்றைக்குப் பிறகு எனக்கு அந்த வரிசை மறக்கவே இல்லை.

தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டாதே. ஆடிட்டில் ஒரு மவுஸ் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். லேபைத் தொடவே வேண்டாம். லோகோ அச்சடிக்க வைத்திருக்கும் பணத்தில் ஐம்பது மீட்டர் கேபிள், ஒரு பை நிறைய கனெக்டர், கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்த ஒரு கிரிம்பிங் டூல் வாங்கு. பன்னிரண்டு பேர் கையிலும் கேபிள் இருக்கட்டும், பொருளாளர் உட்பட. பாதி கனெக்டர் வீணாகும், ஆகட்டும். அப்புறம் வேண்டுமென்றே என் தப்பான வரிசையில் ஒன்று செய்துபாருங்கள். நீளமாகச் செய்ய வேண்டும். ஒரு மீட்டரில் செய்தால் தப்பு தெரியாமல் ஓடிவிடும்.

என்னிடம் பழைய எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று சும்மா கிடக்கிறது. ஐந்தாவது போர்ட் மட்டும் வேலை செய்யாது. பள்ளி முகவரியை எழுது, அனுப்பிவைக்கிறேன்.