ஏஜென்சியை விட்டு எந்தப் பக்கம் போறது?

கேள்வி: நுங்கம்பாக்கத்துல ஒரு விளம்பர ஏஜென்சில சீனியர் காப்பிரைட்டர் (விளம்பர வாசகம் எழுதற வேலை), வயசு 38. புது கிளையன்ட்டைப் பிடிக்க ஐடியா காட்டற பிட்ச் வந்தா ராத்திரி வீடு திரும்ப நேரமே கிடையாது, சம்பளமும் ஏறல. ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போறதா, கிளையன்ட் பக்கம், அதாவது விளம்பரம் கொடுக்கற கம்பெனிக்கே போறதா?
- வாசகி, கோடம்பாக்கம்

பதில்: தாராளமா மாறுங்கம்மா, ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. கிளையன்ட் பக்கம் போனா எழுதறது ரொம்பக் கம்மி, பட்ஜெட், டீலர் மீட்டிங், ஏஜென்சிக்கு என்ன விளம்பரம் வேணும்னு பிரீஃப் கொடுக்கறது, சேல்ஸ் ஏன் இறங்குச்சுன்னு மேல பதில் சொல்றது, இதுலயே நாள் ஓடிடும், பல இடத்துல எம்.பி.ஏ. வேற கேப்பாங்க. எழுத்துதான் உயிர்னா டெக் பக்கமே போங்கன்னு சொல்வேன். ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு நம்ம சென்னைலேர்ந்து வளர்ந்த கம்பெனிங்க உலகம் பூரா சாஃப்ட்வேர் விக்கிறாங்க, இந்த மாதிரி இடத்துல ப்ராடக்ட் மார்க்கெட்டிங், யூ.எக்ஸ். ரைட்டிங் (ஆப், வெப்சைட் திரையில வர்ற வார்த்தைகளை எழுதறது)னு தனி வேலையே இருக்கு. ஒரு பட்டன்ல எந்த வார்த்தை இருந்தா ஜனங்க குழம்பாம அமுக்குவாங்கன்னு யோசிக்கறதும் காப்பிதானே. போர்ட்ஃபோலியோல அவார்டு வாங்கின விளம்பரத்தை மட்டும் அடுக்காம, பிரச்சினை என்ன, உங்க எழுத்தால என்ன மாறுச்சுன்னு விளக்கி எழுதுங்க. லே-ஆஃப் அங்கயும் வரும், ஆறு மாச செலவுக்குக் கைல பணம் இருக்கட்டும். அப்புறம், இப்ப இருக்கற கம்பெனில 5 வருஷம் முடிய கொஞ்ச நாள்தான் பாக்கின்னா முடிச்சிட்டு பேப்பர் போடுங்க, வேலையை விடறப்ப கம்பெனி கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி பணத்தை விட்டுடாதீங்க.