கந்தோர் வாசலில் பொலிஸ் வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் உள்ளூராட்சி சபைக் கந்தோரில், சோலை வரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) கட்டும் கவுண்டரில் வேலை செய்கிறேன். ஆறு வாரத்துக்கு முன் ஒருவர் தன் நிலுவைக் கணக்கைப் பார்த்துக் கோபப்பட்டு, உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். காவலாளி ஐயா வயதானவர், அவரால் தடுக்க முடியவில்லை. "பெரிசாக்க வேண்டாம்" என்று மேலதிகாரிகள் முறைப்பாடும் கொடுக்கவில்லை. இப்போது கட்டட வாசலில் நிரந்தரமாக ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை நிறுத்தும்படி ஊழியர்கள் மனு எழுதுகிறார்கள். எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள், நான்தான் பாக்கி. அப்பாவிடம் சொன்னேன். "சபைக்குள்ளயும் பொலிசோ?" என்று சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போய்விட்டார். நான் என்ன செய்ய? — ஒரு வாசகி

பதில்: பிள்ளை, முதலில் உங்கள் கையைப் பற்றிக் கதைப்போம். மனு அப்புறம்.

உங்கள் கடிதத்தில் என்னை ஆக வருத்தியது "பெரிசாக்க வேண்டாம்" என்ற அந்தச் சொல்தான். அரச கடமையில் இருப்பவரைத் தடுப்பதும் தாக்குவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அதை மூடிவைத்துவிட்டு, வாசலில் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உங்களுக்கு நடந்தது அப்படியே கிடக்கிறதே!

ஆறு வாரம் போய்விட்டதே என்று தயங்காதீர்கள், இப்போதும் முறைப்பாடு கொடுக்கலாம். பக்கத்துக் கவுண்டரில் இருந்து பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். ஆண்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சிறுவர், பெண்கள் பணியகத்தில் கதைக்கக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, சபைச் செயலாளருக்கு ஒரு கடிதமாகக் கொடுங்கள். அந்த மனிதரை ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தால்கூடப் போதும். சபை ஊழியரில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று கவுண்டருக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

சரி, மனு. இப்போது இருக்கிறபடி அதில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அந்தப் பொலிஸ் உத்தியோகத்தர் உங்கள் செயலாளரின் ஆள் இல்லை. அவருக்குக் கட்டளை பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் இருந்து வரும், பொறுப்பதிகாரிக்குக் கொழும்பில் இருந்து வரும். பொலிஸ் அதிகாரத்தை மாகாணங்களுக்குத் தருவதாக 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள், இன்னும் தரவில்லை. 2021 ஏப்ரலில் யாழ் மாநகர சபை, குப்பை போடுவோரைக் கண்காணிக்க ஐந்து பேரை நியமித்துச் சீருடை கொடுத்தது. அந்த உடுப்பு புலிகளின் காவல்துறை உடுப்பைப் போல இருக்கிறது என்று சொல்லி, மாநகர முதல்வர் (மேயர்) மணிவண்ணனைப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு கைது செய்தது. பிறகு பிணையில் வந்தார். சபை உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தெரிந்த முதல்வரின் நிலைமையே அதுவென்றால், சபை வாசலில் நிற்கும் பொலிசுக்கு உங்கள் செயலாளர் எதைச் சொல்ல முடியும்?

அடுத்தது, கவுண்டருக்கு வருகிற சனம். என் அயலில் ஓர் அம்மா இருக்கிறார். காணாமல் போன மகனைத் தேடிப் பொலிஸ் நிலையங்களுக்கும் முகாம்களுக்கும் ஏறி இறங்கியவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சபைக்குப் போய்ச் சத்தம் போடுவார். அவர் பயப்படாமல் சத்தம் போடுகிற ஒரே அரச கட்டடம் அதுதான். வாசலில் காக்கி நின்றால் அவர் படலையைத் தாண்ட மாட்டார். உரிமம் இல்லாமல் மரக்கறி விற்பவரும் தாண்ட மாட்டார், வரி நிலுவையில் இருப்பவரும் தாண்ட மாட்டார். உங்களுக்குக் கவுண்டர் அமைதியாக இருக்கும். ஆனால் அந்த அமைதி, வர வேண்டியவர்கள் வராததால் வந்ததாக இருக்கும்.

உங்கள் அப்பா ஏன் எழும்பிப் போனார் என்று எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபையின் கட்டடம். 1981 ஜூன் 4இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. தேர்தல் பாதுகாப்புக்கு என்று வெளியூர்களில் இருந்து பொலிசாரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் போய்விட்டன. எரித்தவர்களில் அந்தப் பொலிசாரும் இருந்தார்கள். இன்றைக்குப் பொலிசில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே தராசில் வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நெருப்பைப் பார்த்த தலைமுறைக்குச் சபைக் கட்டடத்தையும் பொலிசையும் சேர்த்து நினைக்க முடியாமல் இருப்பது நியாயம்.

அதற்காகச் சபைக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1998இல் நான்கு மாதத்துக்குள் சரோஜினி யோகேஸ்வரன், பொன் சிவபாலன் என்று இரண்டு மாநகர முதல்வர்களைக் கொலைக்குப் பறிகொடுத்த ஊர் இது. உங்கள் பயமும் உண்மையான பயம். ஆகவே மனுவைக் கிழிக்க வேண்டாம், மாற்றி எழுதச் சொல்லுங்கள். கவுண்டரின் பக்கக் கதவுக்கு உள்ளிருந்து பூட்டு, மேசைக்குக் கீழே மேல்மாடியில் அடிக்கும் ஒரு மணி, வயதான ஐயாவோடு இன்னுமொரு காவலாளி: இவ்வளவும் சபை தன் காசில் செய்யக்கூடியது. வருடம் முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு என்பதால், அந்த மாதக் கடைசியில் வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் உங்களைத் தனியே விடக்கூடாது. நிலுவைக்காரரை ஒரு கதிரையில் இருத்தி, கணக்கை வரி வரியாக விளங்கப்படுத்த ஓர் உத்தியோகத்தர் வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் சனத்துக்குக் கேட்க உறுப்பினர்கள் இல்லை. அந்தக் கோபத்தை எல்லாம் கவுண்டரில் இருந்த பிள்ளைகள்தான் வாங்கினீர்கள். இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கிழமையில் ஒருநாள் கந்தோரில் வந்து இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முக்கியமாக ஒரு வரி சேர்க்க வேண்டும். ஊழியரில் யாராவது கை வைத்தால், அன்றைக்கே 119க்கு அழைப்பதும் முறைப்பாடு கொடுப்பதும் சபையின் பொறுப்பு. அடிபட்டவர் தனியாகப் பொலிசுக்கு அலையக் கூடாது.

இதற்குப் பிறகும் மற்றவர்கள் பொலிஸ்தான் வேண்டும் என்று நின்றால், எத்தனை மாதத்துக்கு என்று திகதி போடச் சொல்லுங்கள். தமிழ் கதைக்கிற ஒருவர், முடிந்தால் ஒரு பெண், வாசலில் நிற்காமல் உள்ளறையில் இருக்க வேண்டும், வருகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்கக் கூடாது என்றும் எழுதுங்கள். எழுதியதை அனுப்ப முன் அப்பாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வாசியுங்கள்.