படகில் ஏறியதும் மாத்திரை போட்டும் அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை – அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் தீவு) ஒருநாள் பயணத்துக்கு என்ன செய்வது?

அவோமின் (பயண வாந்திக்கான மாத்திரை) 25 மி.கி. ஒன்றை படகு கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) காலை 7 மணிப் படகு என்றால் 5 மணிக்கு. ஒரே நாளில் போய்த் திரும்ப பெரும்பாலும் அந்த ஒன்றே தாங்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாத்திரையில் குறையில்லை, நேரம்தான் தப்பு. குமட்டல் ஆரம்பித்துவிட்டால் வயிறு மந்தமாகிவிடும். மாத்திரை உடம்பில் சேருமுன்பே வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

வெறும் வயிறும் ஆகாது, பொங்கல் வடையும் ஆகாது. இரண்டு இட்லி போதும், சாம்பாரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உட்காரும் இடம் ரொம்ப முக்கியம். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால், ஜன்னலோரம் கேளுங்கள். அதற்காக ஒரேயடியாகக் கடைசிக்குப் போனால் டீசல் புகை. கண் தொடுவானத்தில் இருக்கட்டும், கையில் போன் வேண்டாம்.

கிளம்புமுன் ஒரு சோதனை: வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போகும்போது இதே கணக்கில் கொடுத்துப் பாருங்கள். மலைப்பாதை வளைவுகளில் தாங்குகிறதா, எவ்வளவு தூக்கம் வருகிறது என்பது இரண்டும் தெரிந்துவிடும்.

தூக்கம் பெரும்பாலும் வரும், அதனால் அன்று ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்துக் கடலில் நீந்துவது) வேண்டாம். கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு இருந்தாலோ, தூக்க மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு அதிகம். முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சுக்கு மாற்றுங்கள்.