அந்த டெங்கு கார்ட் எங்கே?

கேள்வி: கொக்குவிலில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஐந்து வருடமாகக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதி கட்டி வருகிறார். அவருடைய அப்பாவுக்குக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பைபாஸ் செய்தார்கள். பில் 21 இலட்சத்து 40,000 ரூபா. அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சலரோகம் இருந்ததைப் படிவத்தில் சொல்லவில்லை என்று கொம்பனி கோரிக்கையை நிராகரித்துவிட்டது. 'நல்லெண்ண அடிப்படையில்' மூன்று இலட்சம் தரலாம் என்கிறது. படிவத்தை நிரப்பிய ஏஜென்ட் இவர்களுக்குச் சொந்தக்காரர். "சுகர் எண்டு போட்டால் கட்டுக்காசு கூடும், விடுங்கோ" என்று அவர்தான் சொன்னாராம். மனைவியின் நகை இப்போது அடைவில் இருக்கிறது. கொம்பனி, ஏஜென்ட் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட வேண்டும் என்று கேட்கிறார். கொம்பனிக்கு அனுப்ப ஒரு கடிதமும் எழுதி, அதன் பிரதியை எனக்கு அனுப்பியிருக்கிறார்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நகை அடைவில் இருப்பது, கிளைக்கு நாலு தரம் அலைந்தது, தொலைபேசியில் ஒருவர் மரியாதை இல்லாமல் கதைத்தது எல்லாவற்றையும் நம்புகிறேன். ஆனால் அவற்றில் ஒன்றும் வழக்கில் நிற்காது. ஐந்து வருடம் தவறாமல் கட்டினேன் என்பதும் நிற்காது. 21 இலட்சமும் இங்கே கணக்கில்லை. உங்கள் பொலிசியின் வருட எல்லை பத்து இலட்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலும் அறை வாடகைக்குத் தனி எல்லை இருக்கும். கையுறை, சிரிஞ்ச் போன்ற சாமான்களைக் கழிப்பார்கள். ஆஸ்பத்திரியிடம் விவரம் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஆகக் கூடினாலும் பத்து, தருவதாகச் சொல்வது மூன்று. இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

காப்புறுதி ஒப்பந்தத்தில் கேட்டதை மறைத்தால், கொம்பனி அதைத் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லலாம். காப்புறுதி விடயத்தில் எங்கள் நீதிமன்றங்கள் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுகின்றன. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார் என்பதும் காப்பாற்றாது. பிறருடைய படிவத்தை நிரப்பும்போது ஏஜென்ட் கொம்பனியின் ஆளாக அல்ல, கையெழுத்து வைப்பவரின் ஆளாகவே எழுதுகிறார் என்று 1929இல் நியூஷோம் பிரதர்ஸ் வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.

அப்படியானால் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "முந்தி அப்பாவுக்கு டெங்கு வந்தபோது நல்லாத்தான் காசு தந்தவை." இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள், கொம்பனியும் காசு கட்டியது. அந்தக் கோரிக்கையோடு டயக்னோசிஸ் கார்ட், அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் நோய்க் குறிப்பு, போயிருக்கும். நோயாளிக்கு முன்பிருந்த வருத்தங்களை டொக்டர்மார் வழக்கமாக அதில் எழுதுவார்கள். சலரோகம் என்றால் 'டீ.எம்.' என்று இரண்டே எழுத்து. அது அங்கே இருந்தால், கொம்பனி கையில் விடயம் வந்த பிறகும் இரண்டு தரம் உங்களிடம் புதுப்பித்தல் காசு வாங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை இருப்பது தெரிந்தும் காசு வாங்கியவர், பிறகு வந்து முறிக்க முடியாது. எத்தனை வருடமாக என்று கார்ட்டில் இல்லை, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆனாலும் பேரம் பேச உங்களிடம் இருக்கும் பலமான காகிதம் அதுதான். பிரதி இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியில் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள்.

இனி அந்தக் கடிதம். "ஏஜென்ட் சொல்லித்தான் சுகரைப் போடவில்லை" என்பதை உங்களுக்குச் சாதகமான வரி என்று நினைத்து முதலிலேயே வைத்திருக்கிறீர்கள். கொம்பனியின் சட்டத்தரணிக்கு அது ஒன்றே போதும். மறந்துவிட்டோம், கேள்வி விளங்கவில்லை என்ற நிலையிலிருந்து, தெரிந்தே மறைத்தோம் என்ற நிலைக்கு நீங்களே இறங்கிவிடுவீர்கள். மோசடி இல்லாத பிழை என்றால், ஒப்பந்தத்தை முறித்தாலும் கட்டின காசைத் திருப்பித் தா என்று கேட்கலாம். மோசடி என்றால் அதையும் இழப்பீர்கள். நான் பார்த்தவர்களில் பலர் விழுந்த குழி இதுதான். நிராகரித்த கடிதம் வந்த அன்றிரவே கோபத்தில் நாலு பக்கம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். ஏஜென்ட் மீது வழக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான். அவரை வெல்ல, நீங்கள் தெரிந்தே கையெழுத்து வைத்ததை நீங்களே நிரூபிக்க வேண்டும்.

கடிதத்தை மறைத்துவிட்டுக் கூண்டில் ஏறி "எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். அப்படிச் சொல்ல நான் விடமாட்டேன். உங்களுக்குச் சமரசம்தான் நல்லது என்று நான் நினைப்பதற்குப் பெரிய காரணம் அது.

இன்னொரு குழி இதைவிட ஆழமானது. தெரிந்த டொக்டரிடம் போய், "சலரோகம் இரண்டு வருடமாகத்தான்" என்று கடிதம் எடுப்பது. உங்கள் அப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி இருக்கிறது. அதில் திகதி இருக்கிறது. பொய்க் கடிதம் கொடுத்தால் கோரிக்கை போவதோடு நிற்காது, அது குற்றவியல் விடயம். கடிதம் தந்த டொக்டரும் மாட்டுவார்.

அப்புறம், மூன்று இலட்சத்துக்கு ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சர் அனுப்புவார்கள், காசைப் பெற்றுக்கொண்டு கோரிக்கையை முடிக்கிறேன் என்று நீங்கள் கையெழுத்து வைக்கும் பத்திரம். 'முழுமையான, இறுதியான தீர்வாக' என்ற வசனம் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். முதலில் இதை வாங்குவோம், மிச்சத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்து வைத்தால் மிச்சம் என்று ஒன்று இராது. கார்ட் கைக்கு வரும்வரை அதைத் தொடாதீர்கள். அதற்காக ஆறுதலாகவும் இருக்க முடியாது. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் என்பது பொதுவான காலாவதிச் சட்டம். ஆனால் நிராகரித்த பின் இத்தனை மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும் என்று பல பொலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் பொலிசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கார்ட்டில் 'டீ.எம்.' இருந்தால் அதன் பிரதியை வைத்து ஏழு இலட்சம் கேளுங்கள். மறுத்தால், கொம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. முதலில் வழக்குப் போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கார்ட்டில் இல்லை என்றால் ஐந்து கேட்டு, நாலுக்கு முடியுங்கள். மூன்றுக்கு மேல் ஏறவே இல்லை என்றாலும் வாங்குங்கள். அந்த நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்காகத் தவணைக்கு அலைந்து தோற்பதைவிட அந்தக் காசு நகையை மீட்க உதவும்.

தை மாதம் புதுப்பித்தல் வருகிறது என்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள், அம்மாவும் பிள்ளைகளும் அதே பொலிசியில்தான் இருக்கிறார்கள். அப்பாவின் சலரோகம், பைபாஸ் இரண்டையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு காசைக் கட்டுங்கள். முன்பு ஏன் எழுதவில்லை என்று அதில் ஒரு சொல்லும் வேண்டாம்.