வீட்டிலேயே சமைத்தும் செலவு குறையவில்லை என்றால் எங்கே கோட்டை விடுகிறோம்?

"இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரே சம்பளம். பெரும்பாலும் வீட்டில்தான் சமைக்கிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படித்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். மூத்தவளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டிருந்தேன். கணவர் சம்பளம் மட்டும்தான். வாங்குவதை எல்லாம் நோட்டில் எழுதுவேன், விலை பார்த்துத்தான் வாங்குவேன். அப்படியும் பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் அதே நோட்டின் எதிர்ப்பக்கத்தில் குப்பைக்குப் போனதையும் எழுதிப் பார்த்தேன். வாடிப்போன கீரைக்கட்டு. பாதி ரொட்டிப் பாக்கெட். அடியில் கிடந்து நசுங்கிய தக்காளி. குழந்தைக்கென்று தனியாகச் செய்து அவள் இரண்டு வாய்க்கு மேல் தொடாதது. முந்தாநாள் சோறு. இப்படி இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அது எந்த வாயால் தின்கிறது என்று அந்த மாதம்தான் கண்ணால் பார்த்தேன். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. வெளியில் சாப்பாடு வாங்கிய நாட்களுக்குப் பக்கத்தில் நேரத்தையும் குறித்திருந்தேன். அநேகமாக எல்லாமே மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள்.

அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். குழந்தை இடுப்பில், தூக்கக் கலக்கத்தில் அழுகை. ஒரு கையால் ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது: முழுசாகக் கேரட், மண் ஒட்டிய கீரை, ஊறப் போடாத கொண்டைக்கடலை டப்பா. எதை எடுத்தாலும் தட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். ஃபிரிட்ஜை மூடிவிட்டு போனை எடுப்பேன். சாப்பாடு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து அந்தக் கீரை குப்பைக்குப் போகும். அதாவது ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறேன்.

அதனால் என் பதில் இதுதான்: மலிவாக வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். முதலில் அந்த ஆறரை மணிக்கு வேண்டியதை முந்தின நாள் இரவே தயார் செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் செலவு குறைந்தது இதனால்தான்.

குழந்தைகள் தூங்கிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நாளை மாலைக்கு என்ன என்று முடிவு செய்து, ஊறப் போட வேண்டியதை ஊறப் போட்டு, ஒரே ஒரு காயை நறுக்கி டப்பாவில் போட்டு வைப்போம். நறுக்குவது கணவர் வேலை. இந்தப் பங்கீடு ரொம்ப முக்கியம். வீட்டுச் சமையலின் சுமை முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால், அந்த ஒருவர் களைத்துப் போகிற அன்று எல்லாத் திட்டமும் நின்றுவிடும்.

காய்ந்த பயறு வகைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு புரதம் தருவது வேறு அதிகம் இல்லை. ஒரு கப் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டரை, மூன்று கப் வரும். நான் வாரத்துக்கு ஒரு முறை மூன்று கப் ஊறப் போட்டு மொத்தமாக வேக வைத்துவிடுவேன். ஆறியதும் ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, வெந்த தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்து, டப்பாவில் மேலே ஒரு விரல் இடம் விட்டு ஃபிரீசரில் வைப்பேன். உறையும்போது தண்ணீர் விரியும், அதற்குத்தான் அந்த இடம். இரண்டு மாதம் வரை நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் நிற்பதில்லை.

என்ன செய்தாலும் வேகவில்லை என்றால் பெரும்பாலும் பயறு பழசாக இருக்கும், அல்லது தண்ணீர் சுண்ணாம்பு அதிகமுள்ள கடின நீராக இருக்கும். தக்காளி, புளிப்பு எதையும் முதலிலேயே சேர்த்தாலும் வேக நேரம் பிடிக்கும். பயறு மெத்தென்று ஆன பிறகுதான் சேர்க்க வேண்டும். ராஜ்மாவில் மட்டும் கவனமாக இருங்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. அரை வேக்காட்டில் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு நன்றாகக் குழைய வேக வைக்க வேண்டும். சூடு குறைந்த பாத்திரத்தில் மெதுவாக வேக வைப்பது இதற்கு ஆகாது.

பயறுக்கு அடுத்து எனக்குக் கைகொடுப்பது வெங்காயம் தக்காளி வதக்கல். விடுமுறை நாளில் ஒரு பெரிய சட்டி நிறைய, எண்ணெய் பிரியும் வரை வதக்கி, அதையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஃபிரீசரில் வைப்பேன். ஒரு நாள் அதில் முட்டையை உடைத்து ஊற்றுவேன். ஒரு நாள் வெந்த கடலை சேர்ப்பேன். இன்னொரு நாள் காய்களோடு கொதிக்கவிட்டால் சூப். எதுவாக இருந்தாலும் இருபது நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். வாங்கும் சாப்பாடு வாசலுக்கு வருவதற்குள் இது தயார்.

ஃபிரிட்ஜில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் ஒரு கண்ணாடி டப்பா. இன்றோ நாளையோ சாப்பிட்டே ஆக வேண்டியது எல்லாம் அதில்தான். பாதி வெட்டிய வெள்ளரி, நேற்றைய பயறு, கனிந்துவிட்ட பழம். சமைப்பதற்கு முன் முதலில் அந்த டப்பாவைத்தான் பார்ப்போம். மூத்தவள் இப்போது பள்ளியிலிருந்து வந்ததும் தானே அதைத் திறந்து பார்க்கிறாள். போன வாரம் இரண்டு கேரட் துண்டை எடுத்துக்கொண்டு, "அம்மா, இது நாளைக்குப் போயிடும், நான் சாப்பிட்டுடவா?" என்று கேட்டாள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காய்களை வைப்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கீரையைக் கழுவினால் ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றுங்கள். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயத்தோடு சேராமல். வாழைப்பழம் மற்ற பழங்களைச் சீக்கிரம் கனிய வைத்துவிடும், தள்ளி வையுங்கள்.

மிச்சச் சாப்பாட்டில் காசை மிச்சம் பிடிக்கப் போய்க் குழந்தையின் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. முக்கியமாகச் சோறு. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் சாகாது. சோறு பல மணி நேரம் வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மிச்சம் ஆகும் என்று தெரிந்தால் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாளே ஆவி பறக்கச் சூடு பண்ணித் தீர்த்துவிடுவோம். அதற்கு மேல் வைப்பதில்லை. மற்றச் சமைத்த உணவை மூன்று நாள் வரை வைப்பேன். ஃபிரிட்ஜின் உள்ளே 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இளையவருக்கு எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. என் சின்னவனுக்குப் பதினோரு மாதம். மூத்தவளுக்கு டப்பா உணவு நிறைய வாங்கினேன், இவனுக்கு வாங்கவே இல்லை. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியதிலிருந்து எங்கள் சட்டியில் வேகிறதுதான் அவனுக்கும். உப்பு, காரம் போடுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி எடுத்துத் தனியாக மசித்துவிடுவேன். பருப்பு, காய், முட்டை எல்லாம் அப்படித்தான். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அதுவரை தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் சரியில்லை. பருப்பு மசியலில் ஓரிரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள், வைட்டமின் சி இருந்தால் பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். குழந்தை கொஞ்சம்தான் சாப்பிடும் என்பதால் கொஞ்சமாகவே வையுங்கள். கேட்டால் மறுபடி போடலாம். எச்சில் பட்டது எப்படியும் குப்பைக்குத்தான், அதனால் முதலில் வைக்கும் அளவு முக்கியம்.

கடையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், எழுதிக்கொண்டு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். மொத்தமாக வாங்குவது எப்போதும் லாபம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு முறை மாவு மலிவாகக் கிடைத்ததென்று மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்தேன். இரண்டாவது மாதம் டப்பாவைத் திறந்தால் வண்டு. பாதிக்கு மேல் கொட்டினேன். சல்லடையில் அந்த மாவு அசைந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. நாங்கள் ஒரு மாதத்தில் தீர்ப்பதைத்தான் இப்போது வாங்குகிறோம்.

எரிவாயுவோ மின்சாரமோ, அதுவும் சமையல் செலவுதான். கொதி வந்த பிறகு அடுப்பைக் குறைத்துவிடுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகமாகும், சீக்கிரம் வேகாது. மூடி போட்டுச் சமையுங்கள். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரியை நெருங்கும், அதனால்தான் பயறு அதில் அவ்வளவு சீக்கிரம் வேகிறது.

சில செலவுகளில் நான் கை வைப்பதில்லை. குழந்தைகளின் பால், முட்டை, பழம். அப்புறம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலோ, இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தாலோ, அன்று வெளியில் வாங்கிவிடுவோம். மாதத்தில் இரண்டு நாளுக்கு அதற்கென்றே பணம் எடுத்து வைத்திருக்கிறோம். ஒதுக்கி வைத்த பணம் என்பதால் அன்று எல்லோரும் மனசு உறுத்தாமல் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், குப்பைக்குப் போவதை மட்டும் எழுதுங்கள், வெளியில் வாங்கினால் மணியையும் குறியுங்கள். உங்கள் வீட்டில் பணம் ஒழுகும் நேரம் வேறாக இருக்கலாம், காலை அவசரமாகக்கூட இருக்கலாம். அது எந்த நேரம் என்று தெரிந்ததும், முந்தின இரவு அந்த ஒரு வேளைக்கு மட்டும் தயார் செய்து பாருங்கள். எழுதியதைப் பார்த்துவிட்டு இங்கேயே கேளுங்கள், சேர்ந்தே யோசிக்கலாம்.