கேள்வி – பதில்: பிள்ளையின் கையில் ஒன்லைன் கடை

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே கவலையைச் சொல்கின்றன. பிள்ளைக்கு உடுப்போ பையோ வாங்கத் திறந்த பக்கத்தில் பிள்ளை பார்க்கக்கூடாதது வருகிறது. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

எனது மகளுக்கு ஒன்பது வயது. புதிய தவணைக்குப் புத்தகப்பை தெரிவுசெய்ய ஒன்லைன் கடைச் செயலியைத் திறந்து எனது போனைக் கொடுத்தேன். பைகளுக்குக் கீழே பெண்களின் உள்ளாடைப் படங்களும், சொல்லக் கூசுகிற வேறு சாமான்களும் வந்துவிட்டன. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் இலக்கத்தை எங்கள் வீட்டு ரவுட்டரில் தம்பி போட்டுத் தந்திருக்கிறார். பிறகும் ஏன் இப்படி?
– ஒரு தாய், கொக்குவில்

தம்பி செய்தது நல்ல வேலை. அதை எடுத்துவிடாதீர்கள். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நாம் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. அவர் போட்டது பெரும்பாலும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 என்ற இலக்கங்களாக இருக்கும். ஆபாசத் தளம் என்று தெரிந்த ஒன்றின் பெயரைக் கேட்டால் அந்தச் சேவை முகவரியைத் தர மறுக்கும். உங்கள் கடையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கடை திறந்த பிறகு பையும் சட்டியும் உள்ளாடையும் அதே ஒரு பெயரின் கீழ்தான் வருகின்றன, அதுவும் மறைகுறியாக்கப்பட்டு, அதாவது இடையில் நிற்பவர் வாசிக்க முடியாதபடி வருகின்றன. சந்தை வாசலில் நிற்கும் காவலாளிக்கு உள்ளே எந்தக் கடையில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று தெரியாது. ரவுட்டரின் நிலையும் அதுதான்.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? முதற்காரணம் பெரும்பாலும் உங்கள் கணக்கின் வரலாறு. நீங்களோ வீட்டில் வேறொருவரோ எப்போதாவது உள்ளாடை தேடியிருந்தால், ஒரு படத்தைத் தொட்டுப் பார்த்திருந்தாலே போதும், செயலி அதை நினைவில் வைத்து அதே வகையை அடுக்கிக்கொண்டு வரும். இரண்டாவது, விலையை ஏறுவரிசையில் அடுக்குவது. மலிவான சாமானைப் பிழையான பிரிவில் பதிந்து வைக்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். மலிவானதை மேலே கொண்டுவரும்போது அவையும் சேர்ந்து மேலே வரும். மூன்றாவது, பொருளின் பக்கத்துக்குக் கீழே முடிவில்லாமல் நீளும் ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ வரிசை. அங்கே நீங்கள் தெரிவுசெய்த பிரிவு செல்லுபடியாகாது. வாங்கியவர்கள் தாங்களே போட்டுப் படம் எடுத்துப் பதியும் விமர்சனப் பகுதியையும் பிள்ளைக்குத் திறந்துவிடக்கூடாது.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். பிள்ளைக்கான தேடலுக்கு வேறு மின்னஞ்சலில் புதிய கணக்கு ஒன்றைத் திறவுங்கள். உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சொல்லோடு வைத்து, பிள்ளைச் சாமான் தேடுவதற்கு மட்டும் பாவியுங்கள். அதற்குள் நுழையமுன் பழைய கணக்கிலிருந்து வெளியேறி, போனின் செற்றிங்ஸில் ‘அப்ஸ்’ என்பதற்குள் அந்தச் செயலியைத் தெரிவுசெய்து, ‘ஸ்ரோறேஜ்’ பகுதியில் ‘கிளியர் டேற்றா’ கொடுங்கள். ‘கிளியர் கேஷ்’ மட்டும் கொடுத்தால் போதாது. அது தற்காலிகப் படங்களை மட்டுமே அழிக்கும். பழைய கணக்கில் திரும்ப நுழைந்தால் பழைய பரிந்துரைகளும் திரும்பி வரும், ஏனென்றால் அவை போனில் இல்லை, கடையின் கணினியில் இருக்கின்றன.

தேடும்போது வெறும் சொல்லைத் தட்டாமல், முதலில் சிறுவர் பிரிவுக்குள் போய், அதற்குள் பாடசாலைப் பைகளைத் திறந்து, பிறகு தேடுங்கள். விலை வடிகட்டியில் ஆகக்குறைந்த தொகை ஒன்றையும் போடுங்கள். நல்ல பை ஒன்று 2,500 ரூபாய்க்குக் குறையாது என்று நினைத்தால் 2,000 என்று போடலாம். மலிவாக இடம்மாறிக் கிடக்கும் சாமான்களில் பெரும்பகுதி அதோடு மறைந்துவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் திறந்த கடையை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நீங்கள் தேடி ஐந்தாறு பைகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, படமும் விலையும் அளவும் மட்டும் தெரிய வெட்டி, கலரியில் தனி அல்பமாகப் போடுங்கள். செற்றிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் ‘அப் பின்னிங்’ என்று ஒன்று இருக்கும். அதை இயக்கி, வெளியேற இரகசிய இலக்கம் கேட்கும்படி வைத்து, கலரியைப் பூட்டிக் கொடுத்தால் பிள்ளை அந்தச் செயலியை விட்டு வெளியே போக முடியாது. கடைச் செயலியையே அப்படிப் பூட்டிக் கொடுப்பதில் பயனில்லை. கடைக்குள் கீழே உருட்டிப் போவதை அது தடுக்காது.

மகள் பார்த்துவிட்டதைப் பற்றி: “அது பெரிய ஆட்களின் சாமான், தவறி வந்திட்டுது, நீ ஒரு பிழையும் செய்யேல்லை” என்று சொன்னாலே போதும். போனைப் பறித்து ஏசினால், அடுத்த முறை வரும்போது உங்களிடம் சொல்லமாட்டாள்.

கனடாவிலுள்ள எனது தங்கை தனது அமேசன் கணக்கின் கடவுச்சொல்லைத் தந்திருக்கிறா. பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வேண்டியதைக் கூடையில் போட்டால், அவ வாங்கி வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுவா. இதில் பிழை ஏதும் உண்டோ?
– ஒரு தந்தை, சாவகச்சேரி

உண்டு. அன்பாகத் தந்த கடவுச்சொல்தான், ஆனால் அந்தக் கணக்கைத் திறந்தால் தங்கையும் அவவின் கணவரும் தேடியவை முகப்புப் பக்கத்திலேயே நிற்கும். ‘மீண்டும் வாங்குங்கள்’ என்ற வரிசையில் அவர்கள் வாங்கிய தனிப்பட்ட சாமான்கள் படத்தோடு இருக்கும். அது வளர்ந்தவர்களின் உரிமை. உங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பது அவவுக்கும் சங்கடம்.

தங்கை தனது கணக்கில் பிள்ளையின் பெயரில் ஒரு ‘லிஸ்ற்’ உருவாக்கட்டும். பொருளின் பக்கத்தில் ‘அட் ரு லிஸ்ற்’ என்பதைத் தொட்டால் பொருள் அதற்குள் போய்விடும். பத்துப் பன்னிரண்டு பொருட்களைச் சேர்த்த பிறகு பகிரும் தெரிவில் ‘வியூ ஒன்லி’ என்பதைத் தேர்ந்து, அந்த லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அந்த லிங்கைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டியதில்லை. பிரவுசரில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் திறவுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள், ஏனென்றால் பட்டியலிலிருந்து ஒரு பொருளைத் தொட்டால் திரும்பவும் கடைப் பக்கத்துக்குத்தான் போகும்.

சிறிது காலம் பழைய முறையிலேயே போகவேண்டி இருந்தால், தங்கை தனது கணக்கில் ‘பிரவுசிங் ஹிஸ்ரரி’ பக்கத்துக்குப் போய் வேண்டாதவற்றை அகற்றி, வரலாறு சேர்வதையும் நிறுத்திவைக்கலாம். ஆனால் வாங்கிய ஓடர்களின் பட்டியல் அதனால் அழியாது. கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். காட் விபரமும் வீட்டு முகவரியும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

மகனுக்கு 15 வயது. ரியூசன் வகுப்புகளுக்காகச் சொந்தமாக அன்ரோயிட் போன் இருக்கிறது. வீட்டு வைஃபையில் தடுத்தாலும் டேற்றா போட்டுப் பார்க்கலாமே?
– ஒரு தாய், மானிப்பாய்

பார்க்கலாம். ரவுட்டரில் போட்ட தடை வைஃபையோடு நின்றுவிடும். போனிலேயே போட்டால் வைஃபை, டேற்றா இரண்டுக்கும் பொருந்தும். அன்ரோயிட் 9 முதல் இதற்கான இடம் இருக்கிறது. செற்றிங்ஸில் ‘நெற்வேர்க் அன்ட் இன்ரர்நெற்’ என்பதற்குள் ‘பிரைவேற் டிஎன்எஸ்’ இருக்கும். சம்சுங் போனில் ‘கனெக்ஷன்ஸ்’, பிறகு ‘மோர் கனெக்ஷன் செற்றிங்ஸ்’ என்று போகவேண்டும். அங்கே பெயர் எழுதும் பெட்டியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஃபமிலி, புள்ளி, கிளவுட்ஃபிளேர், சிறு கோடு, டிஎன்எஸ், புள்ளி, கொம் என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். பலர் பிழைவிடும் இடம் இதுதான். ரவுட்டருக்குப் போடும் 1.1.1.3 என்ற இலக்கத்தை இங்கே போட்டால் ஏற்காது, பெயர்தான் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் இன்ரர்நெற் முழுவதும் நின்றுவிடும். அப்போது மகன் வகுப்புக்காக அதை அணைத்துவிடுவான், திரும்பப் போட மறந்துவிடுவான். ஆகவே எழுதி முடித்ததும் நீங்களே இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பாருங்கள்.

விபிஎன் செயலி, அதாவது இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி ஒன்று போட்டால் இந்தத் தடை செயலிழக்கலாம். குரோமின் செற்றிங்ஸில் ‘செக்கியூர் டிஎன்எஸ்’ பகுதியில் வேறு சேவையைத் தெரிவுசெய்தாலும் குரோமுக்குள் அதே கதைதான். பெற்றோர் பிள்ளையின் போனைக் கட்டுப்படுத்தும் கூகுளின் ‘ஃபமிலி லிங்க்’ செயலி மூலம் புதிய செயலிகள் உங்கள் அனுமதியோடுதான் இறங்கும்படி செய்யலாம். அதன் தள வடிகட்டி குரோம் பிரவுசருக்கு மட்டும்தான். கடைச் செயலிக்குள் நடப்பதை அது பார்க்காது. கடைச் செயலியைத் தடுக்க விரும்பினால் ஃபமிலி லிங்கில் அந்தச் செயலியையும், குரோமுக்குள் அதே கடையின் தளத்தையும் என்று இரண்டையும் தடுக்கவேண்டும். ஒன்றை மட்டும் தடுத்தால் மற்ற வழி திறந்தே கிடக்கும்.

தேடல் முடிவுகளில் ஆபாசத்தை வடிகட்டும் கூகுளின் ‘சேஃப் சேர்ச்’ பக்கத்தில் மூன்று நிலைகள் உண்டு. ‘புளர்’ நிலை படத்தை மங்கலாக்கும், எழுத்தையும் லிங்கையும் விட்டுவிடும். ‘ஃபில்ரர்’ நிலையைத் தெரிவுசெய்யுங்கள்.

ஐபோன் என்றால் ‘ஸ்கிரீன் ரைம்’ பகுதியில் உள்ளடக்கக் கட்டுப்பாடுகளுக்குள் வயதுவந்தோர் தளங்களை மட்டுப்படுத்தும் தெரிவு இருக்கிறது. அதற்கு வைக்கும் இலக்கம் போனைத் திறக்கும் இலக்கமாக இருக்கக்கூடாது.

15 வயதில் இவை எல்லாவற்றையும் மகனிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் அவன் கண்டுபிடிப்பான், பிறகு கதைப்பதற்கு இடமே இராது.

பேரப்பிள்ளைகள் எனது போனில் கார்ட்டூன் பார்க்கும்போது இடையில் அரைகுறை உடையோடு விளம்பரங்கள் வருகின்றன. நான் எதையும் வாங்குவதில்லை.
– ஓர் அப்பப்பா, பருத்தித்துறை

விளம்பரத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அந்த விளம்பரத்தையோ விளம்பரதாரரையோ தடுங்கள். கூகுளின் ‘மை அட் சென்ரர்’ பக்கத்தில் உங்களுக்கேற்ற விளம்பரம் என்ற தெரிவை அணைக்கலாம். அதே பக்கத்தில் மது, சூதாட்டம், டேற்றிங், எடை குறைப்பு, கர்ப்பமும் பிள்ளை வளர்ப்பும் ஆகியவற்றைக் குறைக்கும் தெரிவுகளும் உண்டு. உள்ளாடை அந்த வரிசையில் இல்லை, அதனால்தான் மூன்று புள்ளி வழியை முதலில் சொன்னோம். அணைத்த பிறகும் விளம்பரம் வரும், ஆனால் உங்கள் தேடல்களைப் பின்தொடர்ந்து வராது.

12 வயது மகள் சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் சட்டை ஓடர் செய்யக் கேட்டாள். அளவு பார்க்கவேண்டும், முழு உருவப் படம் அனுப்பு என்று அந்தப் பக்கத்துக்காரர் அவளுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். இது வழமையோ?
– ஒரு தாய், வேலணை

இல்லை. சட்டை விற்பவருக்குத் தேவை சென்ரிமீற்றர்தான். பிள்ளையின் படம் எந்தக் காரணத்துக்கும் தேவையில்லை. விற்பனையாளரோடு கதைப்பதும் ஓடர் போடுவதும் எப்போதும் உங்கள் இலக்கத்திலிருந்தே நடக்கட்டும்.

மெல்லிய பெனியனுக்கு மேல், கக்கத்தின் கீழாக மார்புச் சுற்றளவையும், தோளிலிருந்து சட்டை முடியவேண்டிய இடம்வரை நீளத்தையும், செருப்பில்லாமல் உயரத்தையும் எடுங்கள். சீனத் தயாரிப்புகளில் 130, 140 என்று இருந்தால் அது அநேகமாகப் பிள்ளையின் உயரம், வயதல்ல. சட்டையின் மார்பளவு பிள்ளையின் அளவைவிட 6 முதல் 8 சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தால் இறுக்காது.

மகள் படம் அனுப்பியிருக்கிறாளா என்று அமைதியாகக் கேளுங்கள். அனுப்பியிருந்தாலோ, அவர் மேலும் கேட்டு வற்புறுத்தினாலோ, உரையாடலை அழிக்க வேண்டாம். பக்கத்தின் பெயர், இலக்கம், திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு, பிறகு தடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். மற்றவர்களை எச்சரிக்கிறோம் என்று அந்த ஸ்கிரீன்ஷொட்டை ஊர் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் உங்கள் மகளின் பெயரும் படமும் இருக்கின்றன.